அசையாத கை, அசையும் மூளை



மூன்று ஆண்டுகளுக்கு முன், அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் மகனை என்னிடம் அழைத்துவந்தார். பையனுக்கு அப்போது பதினான்கு வயது. எட்டு வயதிலிருந்து வலிப்பு. மூன்று மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தாயிற்று. மூன்றையும் சேர்த்தும் கொடுத்தாயிற்று. வாரத்துக்கு நான்கைந்து முறை தூக்கத்தில் வலிப்பு வருவது நிற்கவில்லை. மூளைக்குள் மெல்லிய மின்முனைகளை வைத்துப் பார்க்கவேண்டும், அதற்கு ரோபோவின் உதவியை எடுத்துக்கொள்வோம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "அப்ப அந்த மிசினே பண்ணிருமா டாக்டரய்யா?"

"இல்லம்மா, நாந்தான் பண்ணுவேன். அது ஆடாம பிடிச்சுக்கும்" என்றேன்.

வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்த நேரத்தில் சொன்ன பதில். பிறகு யோசித்துப் பார்த்தேன். மூளை அறுவையில் ரோபோ நுழைந்த நாற்பது ஆண்டு வரலாறு ஏறக்குறைய அந்த 'ஆடாமல் பிடிப்பது' என்பதற்குள் அடங்கிவிடுகிறது. இன்று அதைத்தான் விரித்துச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தப் பையனிடம் பிறகு வருகிறேன்.

உங்கள் கையை நீட்டி ஒரு விரலைக் கூர்ந்து பாருங்கள். ஆடாமல் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் நல்ல உடல்நலத்தோடு இருப்பவரின் கைகூட நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை மிக நுண்மையாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. எழுதவும் கோலம் போடவும் அது ஒரு பொருட்டில்லை. அறுவை நுண்ணோக்கிக்குக் கீழே அதே கை பெரிய ஆட்டமாகத் தெரியும். 1957இல் லாஸ் ஏஞ்சலிசில் தியோடர் குர்ஸ் நுண்ணோக்கியைக் கொண்டு முதல் நரம்பறுவையைச் செய்தார். அடுத்த பத்தாண்டில் சூரிக்கின் யாசர்கில் அதையே ஒரு தனிக் கலையாக வளர்த்தார். அன்று தொடங்கி எங்கள் பயிற்சியில் பாதி, கையை அடக்கும் பயிற்சிதான். மணிக்கட்டைத் தாங்கு பலகையில் வைப்பது, சுண்டுவிரலை நோயாளியின் தலைத் துணியில் ஊன்றுவது, மூச்சை விட்டு முடித்த கணத்தில் வெட்டுவது என்று ஒவ்வொருவரும் ஒரு வழியைக் கண்டுகொள்வோம்.

மூளையின் மேற்பரப்பில் வேலை செய்யும்போது கண் துணையாக இருக்கிறது. ஆழத்தில் ஓர் இடத்தைத் தொடவேண்டுமானால் என்ன செய்வது? பார்க்கின்சன் நோயில் மின்முனை வைக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற இடம் ஒரு பயறு அளவுதான். மண்டையில் சின்னத் துளையிட்டு, ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழத்தில், கண்ணால் காணாமலே அந்தப் பயற்றைத் தொடவேண்டும். வழியில் ரத்தக்குழாய் எதையும் கீறிவிடக் கூடாது.

இதற்கு ஒரு வழியை 1908இலேயே லண்டனில் கண்டுவிட்டார்கள். விக்டர் ஹார்ஸ்லி என்ற அறுவை மருத்துவரும் ராபர்ட் கிளார்க்கும் சேர்ந்து, குரங்கின் தலையைச் சுற்றி ஒரு பித்தளைச் சட்டகத்தைப் பூட்டினார்கள். மூளைக்குள் உள்ள எந்தப் புள்ளியையும் நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று எண்களால் குறிக்கலாம் என்பது அவர்கள் தந்த எண்ணம். மனிதத் தலைக்கு அது வர நாற்பது ஆண்டுகள் ஆயின. 1947இல் பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிஸும் அதைச் செய்தார்கள். இரண்டே ஆண்டுகளில் ஸ்டாக்ஹோமின் லார்ஸ் லெக்செல், இன்றும் புழக்கத்தில் இருக்கும் வில் வடிவச் சட்டகத்தை அமைத்தார். மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரக்கால் எதுவானாலும் குடத்தில்தான் போய்ச் சேரும். லெக்செலின் வில்லும் அப்படித்தான். தொடவேண்டிய புள்ளியைக் குடத்தில் வைத்துவிட்டால், வில்லின் எந்த இடத்திலிருந்து ஊசியைச் செலுத்தினாலும் அது அங்கேதான் முடியும். எந்த ஆரக்கால் வழியாகப் போனால் ரத்தக்குழாய் குறுக்கே வராது என்று தேர்ந்துகொள்வது மருத்துவரின் வேலை.

இந்த வித்தைக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு நீண்ட மரபு உண்டு. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பறுவையைத் தொடங்கினார்கள். ராமமூர்த்தியோடு வி. பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதல் பெண் நரம்பறுவை மருத்துவர் எனப் போற்றப்படும் டி.எஸ். கனகாவும் சேர்ந்து 1960களிலேயே சட்டகம் வைத்த ஆழ்மூளை அறுவைகளைப் பெரும் எண்ணிக்கையில் செய்தார்கள். ரோபோ என்றால் வெளிநாட்டிலிருந்து திடீரென்று வந்து இறங்கிய புதுமை என்று நினைக்கவேண்டாம். அது வந்து அமர்ந்த திண்ணை ஏற்கெனவே இங்கே கட்டப்பட்டிருந்தது.

1980களின் பிற்பகுதியில், நான் முதுநிலை மாணவன். கை நடுக்கத்துக்காக, மூளையின் ஆழத்தில் உள்ள தலாமசில் ஒரு புள்ளியைச் சுடும் அறுவை. சட்டகத்தில் எண்களைப் பொருத்துவது என் வேலை. ஒருவர் எண்ணைப் பொருத்திவிட்டு உரக்கச் சொல்லவேண்டும், மற்றவர் தாளைப் பார்த்துத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது எங்கள் தியேட்டரின் வழக்கம். நான் பொருத்தினேன். "நூற்று இருபத்தொன்று" என்றேன். தாளைப் பிடித்திருந்த மூத்த சிஸ்டர் கையை உயர்த்தினார். "டாக்டர், இதுல நூற்றுப் பன்னிரண்டுன்னு இருக்கு." எண்ணைப் பிரதி எடுத்தபோதே கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றியிருக்கிறேன். ஒன்பது மில்லிமீட்டர். அந்த ஆழத்தில் ஒன்பது மில்லிமீட்டர் என்றால் நடுக்கத்தை நிறுத்தும் இடத்துக்குப் பதில் கைகால்களை இயக்கும் நரம்புத் தடத்தைச் சுட்டிருப்போம். பக்கவாதத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அந்த எண்ணை நான் மறக்கவில்லை. அந்தச் சிஸ்டரின் குரலையும் மறக்கவில்லை.

இனி ரோபோ. 1985இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் இக் சான் குவோவின் குழு ஒரு வேலை செய்தது. கார் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கப்பட்ட பூமா என்ற இயந்திரக் கையை சி.டி. ஸ்கேன் எண்களோடு இணைத்து, மூளைக் கட்டியிலிருந்து திசு எடுக்கும் ஊசிக்கு வழிகாட்டியாகப் பிடிக்க வைத்தார்கள். கை உரிய கோணத்துக்கு வந்து நின்று இறுகிக்கொண்டது. அது பிடித்திருந்த குழாயின் வழியாக ஊசியைச் செலுத்தியவர் மருத்துவர். மனித உடலில் அறுவைக்குப் பயன்பட்ட முதல் ரோபோ இதுவே என்று பரவலாகச் சொல்வார்கள். அது வயிற்றிலோ இதயத்திலோ தொடங்காமல் மூளையில் தொடங்கியது தற்செயல் இல்லை. மண்டையோடு அசையாத பெட்டி. அதற்குள் மூன்று எண்களால் இடம் சொல்லும் முறை ஏற்கெனவே இருந்தது. எண்களை மட்டுமே புரிந்துகொள்ளும் இயந்திரத்துக்கு இதைவிட ஏற்ற உறுப்பு எது? ஆனாலும் அந்த முயற்சி நீடிக்கவில்லை. மனிதர்கள் விலகி நிற்கவேண்டிய தொழிற்சாலைக்காகச் செய்த கையை மனிதத் தலைக்கு அருகே வைப்பது பாதுகாப்பில்லை என்று தயாரிப்பாளர்கள் பின்வாங்கினார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

1980களின் இறுதியில் பிரான்சின் கிரெனோபிளில் அலீம் லூயி பெனாபித்தின் குழு மூளைக்கென்றே ஒரு ரோபோவை உருவாக்கியது. பார்க்கின்சனுக்கு ஆழ்மூளை மின்தூண்டலை நிலைநாட்டியவரும் அவர்தான். பின்னாளில் நியூரோமேட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது அந்த வழியில் பிறந்த கருவி. மோன்பெலியேயில் தொடங்கிய ரோசா அதற்கு அடுத்த தலைமுறை. இவை எல்லாமே ஒரே குலம். மருத்துவர் கணினித் திரையில் பாதையை வரைகிறார், கை அந்தப் பாதையில் வந்து நிற்கிறது, மருத்துவர் அதன் வழியே துளையிடுகிறார். என் மேசையில் நின்ற பழைய சட்டகத்துக்கு மோட்டாரும் கணினியும் வைத்ததுபோல. இப்படிச் சொல்வதால் அதன் பெருமை குறைந்துவிடாது.

வேறு ஒரு குலமும் உண்டு. மருத்துவர் ஓரிடத்தில் உட்கார்ந்து பிடிகளை இயக்க, வேறோர் இடத்தில் இயந்திரக் கைகள் வெட்டித் தைக்கும் வகை. டா வின்சி என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதுதான். 2022இல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ரோபோ அறுவைப் பிரிவு தொடங்கியபோது பலரும் என்னிடம், "இனி மூளைக் கட்டியையும் இதிலேயே எடுத்துவிடலாமா?" என்று கேட்டார்கள். எடுக்க முடியாது. வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்ப வைத்து, கருவிகள் புழங்க இடம் உண்டாக்கலாம். மண்டையோட்டுக்குள் அப்படி ஊதிப் பெருக்க இடமே கிடையாது. விரல் பருமனுள்ள கருவிகள் அங்கே வரிசையாக இறங்க முடியாது. மேலும் உயிருள்ள மூளை இளநுங்கு போன்றது. எவ்வளவு அழுத்தினால் அது பொறுக்கும் என்பதைக் கருவியின் நுனி வழியாக விரல் உணரவேண்டும்.

அந்த உணர்வையும் இயந்திரத்துக்குக் கொடுக்க ஒரு பெரு முயற்சி நடந்தது. கனடாவின் கால்கரியில் கார்னட் சதர்லண்ட் என்ற நரம்பறுவை மருத்துவர், விண்வெளி ஓடங்களுக்கு இயந்திரக் கை செய்துகொடுத்த பொறியாளர்களோடு சேர்ந்து நியூரோஆர்ம் என்ற இரட்டைக் கையை உருவாக்கினார். எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள்ளேயே இயங்கவேண்டும் என்பதால் காந்தம் இழுக்காத பொருள்களால் அதைச் செய்தார்கள். கருவி நுனியில் படும் விசை, அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் விரலுக்குத் திரும்பி வந்தது. 2008 மே மாதம் அதைக் கொண்டு ஓர் இளம்பெண்ணின் மூளைக் கட்டியை அகற்றினார்கள். நான் மிகவும் மதிக்கும் சாதனை அது. ஆயினும் அந்தக் கை உலக மருத்துவமனைகளுக்குப் பரவவில்லை. பரவியது வழிகாட்டும் குலம்தான். ஆடாமல் பிடிக்கும் எளிய வேலைதான் நிலைத்தது.

இந்த வழிகாட்டிக் கை நூலிழை பிசகாது என்று விளம்பரங்களில் படிக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம் ஊர் நில அளவையை வைத்துச் சொல்கிறேன். புலப்படத்தில் உங்கள் நிலத்தின் நீள அகலம் துல்லியமாக இருக்கலாம். சர்வேயர் முதல் கல்லைத் தவறான இடத்தில் கண்டு அதிலிருந்து சங்கிலியைப் பிடித்தால், அளவெல்லாம் சரியாக இருந்தும் வரப்பு பக்கத்து வயலுக்குள் போய்விடும். ரோபோவுக்கும் முதல் கல் வேண்டும். திரையில் உள்ள எம்.ஆர்.ஐ. தலையும் மேசையில் உள்ள நிஜத் தலையும் ஒன்றுதான் என்று அதற்குக் காட்டவேண்டும். இதை நாங்கள் ரெஜிஸ்ட்ரேஷன் என்கிறோம். நெற்றி, மூக்கு, கண்குழி விளிம்பு ஆகியவற்றை லேசர் ஒளியால் தடவிப் பொருத்தலாம். ஆனால் தோல் இழுபடும், முகம் வீங்கும். மண்டையெலும்பில் சிறு திருகுகளை முன்கூட்டியே பதித்து அவற்றைக் கல்லாகக் கொள்வது அதைவிட நம்பகமானது. நோயாளிக்குக் கூடுதல் வலி, எங்களுக்குக் கூடுதல் வேலை. ஆழத்துக்குப் போகும்போது நான் திருகைத்தான் கேட்பேன். எண்களைக் கணினி தானே எடுத்துக்கொள்ளும் இந்தக் காலத்திலும், எங்கள் தியேட்டரில் ஒருவர் உரக்கச் சொல்லவும் மற்றவர் திருப்பிச் சொல்லவும் வேண்டும். இலக்கம் இடம் மாறும் ஆபத்து போயிருக்கலாம். இடப்பக்கம், வலப்பக்கம் மாறும் ஆபத்து போகவில்லை.

இப்போது அந்தப் பையன்.

இந்தியாவில் வலிப்பு நோயுள்ளவர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தால் வலிப்பு அடங்குவதில்லை. அவர்களில் சிலருக்கு வலிப்பு புறப்படும் இடத்தைக் கண்டுபிடித்து நீக்கினால் விடிவு உண்டு. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் 1995 முதல் இந்தச் சிகிச்சையை நடத்திவருகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் அங்கே ரயிலேறிப் போயிருக்கின்றன. கடினமான நோயாளிகள் யாரென்றால், ஸ்கேனில் ஒன்றுமே தெரியாதவர்கள். இந்தப் பையனின் எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியவில்லை. தலைமேல் வைத்த மின்முனைகளும் தெளிவாகப் பேசவில்லை.

இத்தகையவர்களுக்காகவே பாரிசின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் தலேராக்கும் பாங்கோவும் 1950களின் இறுதியில் தொடங்கி ஒரு முறையை வகுத்தார்கள். எஸ்.இ.இ.ஜி. என்பார்கள். சுமார் முக்கால் மில்லிமீட்டர் பருமனுள்ள பத்துப் பதினைந்து மின்முனைகளை, இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகள் வழியாக மூளையின் வெவ்வேறு ஆழங்களில் வைத்து, வலிப்பு வரும்வரை நாள்கணக்கில் காத்திருப்பது. மண்டையைத் திறக்கவேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு மின்முனைக்கும் ஒரு பாதை, ஒவ்வொரு பாதைக்கும் ஐந்து எண்கள். பழைய சட்டகத்தில் பதினைந்து மின்முனை என்றால் காலையில் தொடங்கி இரவுவரை எண் பொருத்திக்கொண்டிருக்கவேண்டும். களைத்த கையும் களைத்த கண்ணும் இலக்கத்தை இடம் மாற்றும். ரோபோவின் பெருங்கொடை இங்கேதான். பதினைந்தாவது பாதைக்கும் முதல் பாதையின் அதே நிதானத்தோடு வந்து நிற்கும். டெல்லி எய்ம்சில் சரத் சந்திராவின் குழு இன்னும் ஒரு படி போய், நோயுற்ற மூளைப் பாதியை மற்றப் பாதியிலிருந்து துண்டிக்கும் பெரிய அறுவையையே ரோபோவின் வழிகாட்டுதலில் வெப்பத்தால் செய்துகாட்டியிருக்கிறது.

இந்தப் பையனுக்கு மின்முனைகளை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முதல் நாள் மாலை, நான் அந்தத் தாயோடு வார்டில் உட்கார்ந்தேன். வலிப்பு வருவதற்கு முன் பையன் என்ன செய்வான் என்று கேட்டேன். "அம்மா, தொண்டையை யாரோ பிடிக்கிறாங்கம்பான். கையைத் தொண்டைல வச்சுக்குவான். அப்புறம் வாய்க்கடையில ஜிவுஜிவுங்குதும்பான். ஆறு வருசமாச் சொல்றேன், யாரும் எழுதிக்கலைங்க" என்றார்.

நான் பழைய கோப்புகளைப் புரட்டினேன். ஆறு ஆண்டுகளின் தாள்கள், பல மருத்துவர்களின் கையெழுத்துகள். 'தூக்கத்தில் வலிப்பு' என்று எல்லோரும் எழுதியிருந்தோம். என் கையெழுத்தும் அதில் உண்டு. தொண்டை யாருடைய தாளிலும் இல்லை.

நெற்றிமடலுக்கும் பொட்டுமடலுக்கும் அடியில், ஒரு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் மூளைப் பகுதிக்கு இன்சுலா என்று பெயர். தொண்டை இறுகுவதும் வாயைச் சுற்றி ஊறுவதும் அங்கே தொடங்கும் வலிப்பின் அடையாளம். அதன்மேல் நடுப்பெருமூளைத் தமனியின் கிளைகள் கொடிபோலப் படர்ந்திருக்கும். ஆகவே தெளிவான காரணம் இல்லாமல் அங்கே மின்முனை வைக்க யாரும் துணிவதில்லை. அந்தத் தாய் சொன்ன ஒரு வாக்கியத்தால் எங்கள் திட்டத்தில் மூன்று மின்முனைகள் இடம் மாறின. சாய்வான நீண்ட பாதைகள், ரத்தக்குழாய்க் கொடிகளுக்கு நடுவே. அந்தப் பாதைகளை என் கையால் சட்டகம் வைத்துப் போடச் சொல்லியிருந்தால் நான் தயங்கியிருப்பேன். ரோபோ தயங்காமல் வந்து நின்றது. மொத்தம் பதினோரு மின்முனைகள். ஐந்தாம் இரவு, விடியலுக்கு முன், வலிப்பு வந்தது. அப்படி இடம் மாறிய மூன்றில் ஒன்றின் நுனியிலிருந்து அது புறப்பட்டது.

அந்த மின்முனை வழியாகவே வெப்பம் செலுத்தி அந்த இடத்தைச் சுட்டோம். முழுக் குணம் என்று சொல்லமாட்டேன். வாரத்துக்கு நான்கைந்து முறை வந்தது, இப்போது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. மருந்து தொடர்கிறது. பையன் பிளஸ் டூ படிக்கிறான்.

ஒன்று கேட்கலாம்: இவ்வளவு நிதானமாக நிற்கும் கை இருக்கும்போது கட்டியையும் ஏன் அதை நம்பி எடுக்கக் கூடாது? கட்டியை எடுக்க மண்டையெலும்பையும் மூளை உறையையும் திறக்கவேண்டும். திறந்ததும் மூளையைச் சூழ்ந்த நீர் வடியும். அதுவரை நீரில் மிதந்த மூளை தன் எடையால் தாழும். கட்டியை எடுக்க எடுக்க, காலியான இடத்தை நோக்கிச் சரியும். ஒரு சென்டிமீட்டர்வரைகூட நகர்வதுண்டு. காலையில் எடுத்த ஸ்கேன் மதியத்துக்குப் பொய்யாகிவிடும். ரோபோ தன் எண்களை நம்பி அதே இடத்தில் நிற்கும். மூளை அங்கே இருக்காது. சின்னத் துளை வழியாகச் செய்யும் வேலைகளில் ரோபோ சிறப்பதும், திறந்த வேலைகளில் தடுமாறுவதும் இதனால்தான்.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபீனிக்சில் நியூராலிங்க் நிறுவனம் கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த ஒருவரின் மூளையில் 64 நுண்ணிழைகளைப் பதித்தபோது நான் கூர்ந்து கவனித்தேன். தலைமயிரைவிட மெல்லிய அந்த இழைகளை எந்த மனிதக் கையாலும் செருக முடியாது. ரத்தக்குழாய்களைப் பார்த்து விலகி, தையல் இயந்திரம்போல ஒவ்வொன்றாகச் செருகியது ரோபோ. கை செய்யவே முடியாத வேலையை ரோபோ செய்த அபூர்வமான இடம் அது. சில வாரங்களில் அந்த இழைகளில் பல பின்வாங்கி வெளியே வந்துவிட்டன என்று அந்த நிறுவனமே அறிவித்தது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் மூளை சற்றே எழுந்து தாழும். செருகிய பிறகும் மூளை அசைந்துகொண்டுதான் இருக்கிறது.

முதுகுத்தண்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முள்ளெலும்பின் குறுகிய கழுத்தில் திருகு பதிக்கும்போது அதன் ஒரு பக்கத்தில் தண்டுவடம், மறுபக்கத்தில் ரத்தக்குழாய்கள். இஸ்ரேலின் மேசர் நிறுவனம் 2004 வாக்கில் கொண்டுவந்த சின்ன ரோபோ, குளிர்பான டப்பா அளவில் எலும்பின்மீதே உட்கார்ந்து வழிகாட்டியது. இன்று அதன் வாரிசுகள் நம் ஊர் தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. நல்ல கருவி. ஆனால் சரிவான எலும்பில் துளைப்பான் வழுக்கினால் பாதையே மாறிவிடும். அந்த வழுக்கலை முதலில் உணர்வது மருத்துவரின் கைதான்.

வெளிநரம்புகளைப் பற்றி நான் சற்று நின்று பேசவேண்டும், ஏனென்றால் இது நம் சாலைகளின் துயரம். பைக்கிலிருந்து விழும் இளைஞனின் தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டு, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் அறுந்துவிடும். தலைக்கவசம் உயிரைக் காத்திருக்கும், கை கயிறுபோலத் தொங்கும். கோவையின் கங்கா மருத்துவமனை போன்ற இடங்களில் இத்தகைய கைகளுக்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அறுந்த நரம்பைத் தைத்தால் அது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து உள்ளங்கைக்குப் போய்ச் சேர இரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் உள்ளங்கைத் தசை காய்ந்துவிடும். அதனால்தான் 1994இல் பாரிசின் மருத்துவர் ஓபெர்லின், தசைக்கு அருகிலேயே உள்ள நல்ல நரம்பின் ஓர் இழையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைத்தார். தூரம் குறைந்தது, வளர்ச்சி வேளையோடு போய்ச் சேர்ந்தது. எங்கே வெட்டி எங்கே சேர்ப்பது என்ற அந்த யோசனைக்கு எந்த இயந்திரமும் உதவவில்லை. ஆனால் அந்தத் தையலுக்கு உதவும். தலைமயிரைவிட மெல்லிய நூலால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நரம்பைத் தைப்பது. நெதர்லாந்தின் மூசா, இத்தாலியின் சிமானி போன்ற நுண்ணறுவை ரோபோக்கள் மருத்துவரின் கையசைவைப் பல மடங்கு சிறிதாக்கி, நடுக்கத்தை வடிகட்டிவிட்டு நுனிக்கு அனுப்புகின்றன. அவை முதலில் உதவியது மிக மெல்லிய நிணநீர்க் குழாய்களைத் தைக்க. நரம்புக்கும் அவை வந்துகொண்டிருக்கின்றன. வயதாகிக் கை சற்றே நடுங்கத் தொடங்கிய, அனுபவம் முதிர்ந்த ஒரு மருத்துவருக்கு இவை இன்னும் பத்து ஆண்டு வேலையைத் தரக்கூடும். அந்தப் பத்து ஆண்டை நான் மனதார வரவேற்கிறேன்.

2019 மார்ச்சில் சீனாவின் ஹைனான் தீவிலிருந்த மருத்துவர் லிங் சிபெய், மூவாயிரம் கிலோமீட்டர் தொலைவில் பெய்ஜிங்கில் இருந்த பார்க்கின்சன் நோயாளிக்கு 5ஜி இணைப்பு வழியாக மின்முனை பொருத்தினார். இதைப் படித்த சிலர், சென்னையிலிருந்தே கிராமத்து நோயாளிக்கு அறுவை செய்யலாமே என்கிறார்கள். அந்த நோயாளி பெய்ஜிங்கில், எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையில், வேறு மருத்துவர்களின் நடுவே படுத்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது. நம் மாவட்டங்களில் நரம்பறுவை என்றால் பெரும்பாலும் சாலை விபத்தில் வந்த தலைக்காயம். மூளை உறைக்கு மேல் ரத்தம் கட்டினால் நேரம்தான் எதிரி. அங்கே வேண்டியது ரோபோ இல்லை. இரவு இரண்டு மணிக்கும் ஓடும் சி.டி. ஸ்கேன், மயக்க மருத்துவர், ரத்தம், துளையிடத் தெரிந்த ஒரு கை, இவைதான் வேண்டும். 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பணம் கேட்காமல் தருகிறது. என் கணக்கில் மூளைக்காக நம் மாநிலம் செய்த பெருங்காரியங்களில் அதுவும் ஒன்று. கோடிகளில் விலையுள்ள ரோபோ வரட்டும், அதற்குரிய சில பெரிய மையங்களில் இருக்கட்டும். மாவட்டத் தியேட்டரின் செலவைக் குறைத்து அதை வாங்கக் கூடாது.

இன்னொன்று, சொல்லத் தயங்கினாலும் சொல்லவேண்டியது. 1960களிலும் 70களிலும் ஜப்பானில் நாராபயாஷியும், பிற நாடுகளில் பலரும், சென்னையில் முன்னோடிகளும், அடங்காத ஆவேசம் கொண்ட நோயாளிகளுக்கு அமிக்டலா என்ற மூளைப் பகுதியைச் சட்டகத்தின் துணையோடு சுட்டார்கள். அவர்கள் கருணையோடுதான் செய்தார்கள். நல்ல மருந்துகள் குறைவாக இருந்த காலம், சங்கிலியில் கட்டப்பட்ட மனிதர்கள், கைவிட்ட குடும்பங்கள். எண்கள் சரியாகவே இருந்தன. குறி தவறவில்லை. ஆனால் அந்த இடத்தைக் குறி வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வியை நாம் இன்று கேட்கிறோம். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு எளிதில் சம்மதம் தராது. ரோபோவால் குறி வைப்பது எளிதாகும்போது, குறி வைக்கும் ஆசையும் பெருகும். மூளைக்குள் போவது எவ்வளவு சுலபமானாலும், போகவேண்டுமா என்ற விவாதத்துக்கு அதே அளவு நேரம் ஒதுக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

என்னிடம் பயிலும் மாணவர்களை முதல் ஆறு மாதம் ரோபோ அறைக்குள் விடுவதில்லை. பழைய சட்டகத்தை எடுத்துக் கொடுப்பேன். பிளாஸ்டிக் மண்டையோட்டுக்குள் ஒரு கடலையை ஒட்டிவைத்து, எண்களைக் கையால் கணக்கிட்டு அதைத் தொடச் சொல்வேன். ரோபோ திரையில் காட்டும் பாதை தவறாக இருந்தால் உடம்பில் ஓர் உறுத்தல் வரவேண்டும். அந்த உறுத்தல், எண்ணைத் தானே ஒருமுறை தப்பாகப் போட்டுக் கடலையைத் தவறவிட்டவருக்குத்தான் வரும்.

அந்தப் பையன் சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தான். மீசை அரும்பியிருந்தது. தாயும் வந்திருந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் மருத்துவர் அவரை உட்கார வைத்து, "சொல்லுங்கம்மா, வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவான்?" என்று தொடக்கத்திலிருந்து கேட்டார். ஏற்கெனவே எல்லாம் கோப்பில் இருக்கிறதே என்று நான் குறுக்கிடப் போனேன், நிறுத்திக்கொண்டேன். அவர் எழுதி முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். மருத்துவச் சொற்களுக்கு முன்னால், முதல் வரியில், தமிழில் எழுதியிருந்தார்: தொண்டையை யாரோ பிடிக்கிறாங்க.